இரண்டு கிளாஸ், கொஞ்சம் தண்ணீர்: விஸ்கியை அறிந்து ருசிக்க ஒரு வழிகாட்டி

"எல்லா விஸ்கியும் ஒன்றுதான், தொண்டையில் எரியும், தலைக்கு ஏறும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் ஒரு பிராண்ட், இன்னொரு நாள் வேறொரு பிராண்ட் என்று குடித்தவர்கள். இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே வைத்து, கோலாவோ சோடாவோ கலக்காமல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக முகர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். சுவை விஷயத்தில் நம் ஞாபகம் ரொம்பக் குறைவு. போன வாரம் குடித்ததை இந்த வாரம் குடிப்பதோடு மனத்துக்குள் ஒப்பிடுவது பழகியவர்களுக்கே கடினம். இரண்டு கிளாஸும் கண்ணெதிரே இருந்தால் கதையே வேறு. வித்தியாசம் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது அந்த ஒரு வழியைத்தான். ஜோடி ஜோடியாக, சிறிதளவாக, நிதானமாக.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஏற்கெனவே குடிப்பவர்களுக்காக எழுதியது. குடிக்காத ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் மது வாங்கச் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், சர்க்கரைக்கோ வேறு எதற்கோ மருந்து சாப்பிடுபவர்கள், நிறுத்த முடியாமல் தவித்து நிறுத்தியவர்கள் எல்லாரும் இதைக் கடந்து போய்விடுவதே நல்லது.

அளவையும் இப்போதே பேசி முடித்துவிடலாம். நம் ஊர் ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60 மில்லி. 42.8 சதவீத விஸ்கியில் ஒரு ஸ்மாலில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதைச் செரிக்கக் கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். ருசி பார்ப்பதற்கு ஸ்மால்கூடத் தேவையில்லை, 15 மில்லி போதும். ஒரு மாலையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று வகை. மொத்தமாகச் சேர்த்தாலும் ஒன்றரை ஸ்மால்தான். அதற்கு மேல் போனால் மூக்கும் நாக்கும் வேலை செய்யாது, அதன் பிறகு ஊற்றுவது வீண். வண்டியைத் தொடவே கூடாது. நம் சட்டத்தில் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். பலருக்கு ஒரே ஒரு லார்ஜ் அதைத் தாண்டிவிடும்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

தானியத்தை நொதிக்கவைத்து, காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்தால் விஸ்கி. ஸ்காட்லாந்து விஸ்கிக்கான சட்டம் இதில் கறார். அந்த நாட்டிலேயே வடித்து, அங்கேயே 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருந்து, 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலோடு பாட்டிலுக்குள் போனால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பெயர்.

நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதியின் அடிப்படை தானியமே அல்ல, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட். ரம்முக்கும் அதே மூலப்பொருள்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. இதைச் சொல்வது அதைக் குடிப்பவரைத் தாழ்த்துவதற்காக அல்ல. தானியத்தின் சுவை எது, மரத்தின் சுவை எது என்று தேடிப் போகிறவர் அவை இல்லாத பாட்டிலில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

லேபிளில் பார்க்க வேண்டியவை இவை. சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய பார்லியை மட்டும் கொண்டு ஒரே ஆலையில் வடித்தது. ஒரே பீப்பாயிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஒரே ஆலையின் நூற்றுக்கணக்கான பீப்பாய்கள் அதில் சேர்ந்திருக்கலாம். பிளெண்டட் என்றால் பல ஆலைகளின் மால்ட் விஸ்கியோடு, கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களில் வடித்த இலகுவான கிரெயின் விஸ்கியைச் சேர்த்தது. பிளெண்டட் என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். வெவ்வேறு இயல்புள்ள விஸ்கிகளை ஆண்டுக்கு ஆண்டு ஒரே ருசியில் கலந்து தருவது பெரிய கைவேலை.

12 ஆண்டு என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பதில் மிக இளையதற்கு 12 வயது. இந்த வயது பீப்பாயில் கழிந்த காலம் மட்டும்தான். பாட்டிலுக்குள் விஸ்கிக்கு வயது ஏறாது. அப்பா பீரோவில் இருபது வருடம் பூட்டி வைத்திருந்தாலும் 12 வருட விஸ்கி 12 வருட விஸ்கிதான்.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்காட்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. கருஞ்சிவப்பாக இருப்பதால் மட்டும் அது பழையதும் அல்ல, நல்லதும் அல்ல. இயற்கை நிறம் என்று லேபிளில் குறிப்பிட்டிருந்தால் மட்டும் நிறத்தைக் கணக்கில் எடுங்கள்.

இந்தியப் பாட்டில்களில் ஏன் 42.8 என்ற விநோதமான எண்? இது வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு. பழைய பிரிட்டிஷ் முறையில் 100 டிகிரி புரூஃப் என்பது 57.1 சதவீத ஆல்கஹால். வெடிமருந்தின் மேல் ஊற்றிப் பற்றவைத்தால் எரிகிறதா என்று பார்த்த காலத்து அளவு என்பார்கள். அதில் 75 டிகிரி என்றால் 42.8. அந்த எண் இன்னும் நம் லேபிள்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மேசையைத் தயார் செய்யுங்கள்

மேல்பக்கம் குறுகிய கிளாஸ் வேண்டும். துலிப் பூ வடிவில் வரும் கிளென்கெய்ர்ன் கிளாஸ் 2001இல் சந்தைக்கு வந்தது. இன்று விஸ்கி ஆலைகளிலேயே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். சினிமாவில் வரும் அகன்ற வாய்க் கண்ணாடி டம்ளர் ஐஸ் போட்டுக் குடிக்க நல்லது. மணத்தைப் பிடித்துவைக்க உதவாது. ஒரே மாதிரி இரண்டு கிளாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் முக்கியம். போர் தண்ணீரின் உப்பு விஸ்கியைக் கெடுத்துவிடும். சாதா ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும், ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில் தண்ணீர் வேண்டாம். அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட், மீன் வறுக்கும் வாசம் எதுவும் இருக்கக் கூடாது.

விஸ்கி நூல்களில் 'அறை வெப்பநிலையில் அருந்துங்கள்' என்று எழுதுகிறவர் 18, 20 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார். சென்னையில் மே மாதம் 34 டிகிரி அறையில் அப்படிச் செய்தால் ஆல்கஹால்தான் முதலில் ஆவியாகி மூக்கைக் குத்தும், மற்ற மணங்கள் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஏ.சி. அறையில் உட்காருங்கள். அது முடியாவிட்டால் காலி கிளாஸைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

தொட்டுக்கொள்ள ஊறுகாய், மிக்சர், சிக்கன் 65 எதுவும் ருசி பார்க்கும் நேரத்தில் வேண்டாம். மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. மிளகாய் கடித்த நாக்கில் விஸ்கி இரண்டு மடங்கு எரிவது அதனால்தான். உப்புச் சேர்க்காத வெறும் பொரி மிகச் சிறந்த துணை. நாக்கைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத் தன் சுவை எதையும் மிச்சம் வைக்காது. வெறும் வயிற்றில் உட்காராதீர்கள். சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்குவது சரி.

மூக்குதான் முதலில்

15 மில்லி ஊற்றியதும் எடுத்துக் குடித்துவிடாதீர்கள். கிளாஸை ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு மெதுவாகச் சாய்த்து, உள்சுவரை நனைத்து நிமிர்த்துங்கள். ஒயினைப் போல வேகமாகச் சுழற்றினால் ஆல்கஹால் கிளம்பி மூக்கை மரத்துப்போகச் செய்யும்.

கிளாஸை முதலில் தாடை உயரத்தில் பிடியுங்கள். அங்கேயே ஏதாவது மணம் வருகிறதா பாருங்கள். பிறகு மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு முகருங்கள். இதைச் செய்து பார்த்தால்தான் அருமை தெரியும். வாயை மூடிக்கொண்டு முகர்ந்தால் குத்துகிற அதே விஸ்கி, வாயைத் திறந்தால் சாந்தமாகிவிடும். கிளாஸின் கீழ் விளிம்பில் முகர்வதும் மேல் விளிம்பில் முகர்வதும் ஒன்றல்ல, இரண்டையும் முயலுங்கள். மூன்று முறை முகர்ந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி உங்கள் சட்டைக் கையையோ உள்ளங்கையையோ முகருங்கள். மூக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆங்கிலத்தில் எழுதும் ருசிக் குறிப்புகளில் ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், பேரிக்காய் மிட்டாய் என்று வரும். ஹெதர் பூவை நாம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பட்டியலில் இருப்பது நமக்குத் தெரியவில்லையே என்று குழம்ப வேண்டாம். நம் மூக்குக்குத் தெரிந்த பெயரைச் சொல்லுங்கள். கிராம்பு வாசம் வந்தால் அது கற்பனையல்ல, கிராம்பில் இருக்கும் யூஜினால் ஓக் மரத்திலும் இருக்கிறது. தேங்காய் மணம் வந்தால் அதுவும் நிஜம், ஓக்கில் இருக்கும் லாக்டோன் தருவது. பழுத்த வாழைப்பழ மணம் நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டரால் வருகிறது. பலாச்சுளை, பனங்கற்கண்டு, உலர்திராட்சை, பேரீச்சை, ஏலக்காய், புது மர அலமாரி, கருவாடு காயும் கடற்கரை என்று எது தோன்றினாலும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று சொல் போதும்.

அடுத்தது வாய். முதல் மிடறு சுவை பார்க்க அல்ல, நாக்கைப் பழக்க. துளியளவு எடுத்து வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். எரியும். பொருட்படுத்த வேண்டாம். அரை நிமிடம் கழித்து எடுக்கும் இரண்டாவது மிடறில்தான் சுவை திறக்கும். விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். எவ்வளவு நேரம், என்ன சுவை மிஞ்சுகிறது என்று கவனியுங்கள்.

பிறகு தண்ணீர். 'ராவா' அடிப்பதுதான் வீரம் என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிடுங்கள். ஸ்காட்லாந்தில் விஸ்கி கலப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுத்தான் முகர்ந்து தரம் பார்க்கிறார்கள். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரீட்மன் என்ற இருவர் கணினி மாதிரி மூலம் இதற்கு ஒரு காரணம் காட்டினார்கள். புகை மணம் தரும் குவையகால் மூலக்கூறுகள் ஆல்கஹால் குறையும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு ஏறி வருகின்றன. நம் மூக்கு இருப்பதும் அந்த மேற்பரப்புக்கு மேல்தானே. அரை டீஸ்பூன் ஊற்றி, முகர்ந்து, இன்னொரு அரை டீஸ்பூன் ஊற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வாசம் எழும். ஒரு கட்டத்தில் நீர்த்துப்போய்விடும். உங்கள் எல்லை எது என்று அப்போது தெரிந்துவிடும்.

ஐஸ் மணத்தை அடக்கும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும்போது வேண்டாம், மற்ற நாளில் தாராளமாகப் போடலாம்.

முதல் ஜோடி: மரம்

இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். விஸ்கியின் சுவையில் பெரும்பங்கு பீப்பாயிலிருந்து வருகிறது. அதை ஒருமுறை பிரித்து உணர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஸ்காட்லாந்தில் இரண்டு வகைப் பீப்பாய்கள் அதிகம். ஒன்று அமெரிக்காவிலிருந்து வருவது. அந்த நாட்டுச் சட்டப்படி பூர்பன் விஸ்கியைப் புதிய, உள்ளே தீயில் கருக்கிய ஓக் கலனில்தான் ஊறவைக்க வேண்டும். ஒருமுறை பூர்பனுக்குப் பயன்படுத்தியது மறுமுறை பூர்பனுக்கு ஆகாது. அப்படிக் கழித்த சுமார் 200 லிட்டர் பீப்பாய்களை ஸ்காட்லாந்து வாங்கிக்கொள்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் ஒரு வரிதான் ஸ்காட்சின் இன்றைய ருசியை உருவாக்கியது என்றால் மிகையாகாது. இன்னொன்று ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாய். அது பெரியது, 500 லிட்டர் வரை.

பூர்பன் பீப்பாய்க்குக் கிளென்மோரஞ்சி ஒரிஜினலையும் ஷெர்ரி பீப்பாய்க்குக் கிளென்ட்ரோனாக் 12 அல்லது கிளென்ஃபார்கிளாஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஸ்காட்லாந்தின் வடபகுதி, எல்லாம் பார்லி மால்ட். கிளென்மோரஞ்சி ஆலையில் விஸ்கி வடிக்கும் செப்புக் கலன்களின் கழுத்து 5 மீட்டருக்கு மேல் உயரம். ஸ்காட்லாந்திலேயே மிக உயரமானவை. கனமான ஆவி மேலே ஏற முடியாமல் கீழே விழ, இலகுவானது மட்டும் தாண்டிப் போகும். அதனால் அந்த விஸ்கியே மெலிதானது, பூர்பன் பீப்பாயின் வெனிலாவும் தேங்காயும் ஆரஞ்சுத் தோலும் மறைப்பில்லாமல் தெரியும். அடுத்த கிளாஸுக்கு வாருங்கள். உலர்திராட்சை, பேரீச்சை, வால்நட், கொஞ்சம் காபித்தூள். நாக்கில் கனமாக உட்காரும். முதல் கிளாஸுக்குத் திரும்பினால் அது முன்பைவிட இனிப்பாகத் தெரியும். இப்படி மூன்று, நான்கு முறை மாறி மாறிப் போங்கள்.

எல்லா விமான நிலையத்திலும் கிடைக்கும் கிளென்ஃபிடிக் 12, கிளென்லிவெட் 12 இரண்டையும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். இரண்டும் நல்ல விஸ்கிகள். 1963இல் சிங்கிள் மால்ட்டை உலகச் சந்தைக்குத் துணிந்து கொண்டுபோனதே கிளென்ஃபிடிக்தான். ஆனால் இரண்டிலும் இரு வகை ஓக்கும் கலந்திருக்கின்றன. பிரித்துக் காட்டும் பாடத்துக்குக் கலந்தது உதவாது. இந்த ஜோடியை முடித்தபின் அவற்றுக்குப் போங்கள், எது எதிலிருந்து வருகிறது என்று நீங்களே சொல்வீர்கள்.

இரண்டாவது ஜோடி: தானியம்

ஒரு பக்கம் அமெரிக்கப் பூர்பன், இன்னொரு பக்கம் ஐரிஷ்.

பூர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். நிறமியோ சுவையூட்டியோ சேர்க்கக் கூடாது. மேக்கர்ஸ் மார்க்கில் மக்காச்சோளத்துக்கு அடுத்தபடியாகக் கோதுமை. அதனால் மிருதுவான இனிப்பு. வேறு பல பூர்பன்களில் அந்த இடத்தில் ரை என்ற தானியம் வரும். மிளகும் பட்டையும் கலந்த ஒரு விறுவிறுப்பை அது தரும். ஜாக் டேனியல்ஸ் டென்னசி மாநிலத்தது. வடித்ததும் மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கிய பிறகே பீப்பாய்க்குப் போகிறது. அதைக் கோலா இல்லாமல் ஒருமுறையாவது முகர்ந்து பாருங்கள், வாழைப்பழம் பளிச்சென்று தெரியும்.

அயர்லாந்தின் தனிச்சொத்து பாட் ஸ்டில் விஸ்கி. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பச்சைப் பார்லியையும் சேர்த்துச் செப்புக் கலத்தில், பெரும்பாலும் மூன்று முறை, வடிப்பது. முளைகட்டிய பார்லிக்கு வரி விதித்த காலத்தில் செலவைக் குறைக்க வந்த பழக்கம் என்று சொல்வார்கள். சிக்கனத்துக்காக வந்தது சுவையாகவே நிலைத்துவிட்டது. நாக்கில் எண்ணெய் தடவியது போன்ற வழவழப்பும் மசாலா வாசமும் அந்தப் பச்சைப் பார்லியால்தான். ரெட்பிரெஸ்ட் 12 கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஜேம்சன். அதில் பாட் ஸ்டில்லோடு கிரெயின் விஸ்கியும் கலந்திருக்கும், ஆனாலும் குணம் பிடிபடும்.

கிரெயின் விஸ்கியை இடைவிடாமல் வடிக்கும் உயரமான கோபுரக் கலனுக்கு 1830இல் காப்புரிமை வாங்கிய ஈனியஸ் காஃபி, டப்ளினில் கலால் அதிகாரியாக இருந்தவர். சொந்த ஊர் ஆலைக்காரர்கள் அதை ஒதுக்கினார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். உலகம் முழுக்க ஓடும் பிளெண்டட் ஸ்காட்ச் அந்தக் கலனின் பிள்ளை.

கனடா விஸ்கியை இந்தக் கட்டத்தில் தேடிப் போக வேண்டாம். மெலிதானவை அதிகம், ஒப்பிட்டுக் கற்க உதவுவது குறைவு.

மூன்றாவது ஜோடி: புகை

விஸ்கியில் புகை வாசம் பீப்பாயைக் கருக்குவதால் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வருவது பார்லியிலிருந்து. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மரம் குறைவு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் சதுப்பில் அமுங்கி, முழுதாக மக்காமல் கிடக்கும் மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். அதுதான் பீட். முளைகட்டிய ஈரப் பார்லியை அந்தப் புகையில் காயவைக்கும்போது ஃபீனால் என்ற சேர்மங்கள் உமியில் படிகின்றன. வடித்து, வருடக்கணக்கில் ஊறவைத்த பிறகும் அந்தப் புகை போவதில்லை.

அளவைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். ஐலா தீவின் பௌமோர் ஆலை பார்லியில் சுமார் 25, லஃப்ராய்க் 40க்கு மேல், ஆர்ட்பெக் 50க்கு மேல்.

இதில் மட்டும் படிப்படியாக ஏறுங்கள். பூர்பன் பீப்பாய் ஜோடியில் மீந்த கிளென்மோரஞ்சியோடு ஜானி வாக்கர் பிளாக் லேபிளை வைத்துப் பாருங்கள். விழுங்கிய பிறகு தொண்டையில் லேசாகப் புகை சுருளும். பல வருடமாக அதைக் குடிப்பவர்கள்கூடப் பக்கத்தில் புகையில்லாத ஒன்றை வைத்த பிறகுதான் அதைக் கண்டுகொள்கிறார்கள். வேறொரு நாள் பௌமோர் 12 அல்லது ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10. டாலிஸ்கரில் கடல் உப்பும் மிளகும் சேர்ந்து வரும். இவை பிடித்தால் மட்டும் லஃப்ராய்க் 10.

லஃப்ராய்க்கின் முதல் வாசம் பலரைத் திகைக்க வைக்கும். டிங்சர் அயோடின், கடற்பாசி, அணைந்த அடுப்பு. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் மருந்து என்ற பெயரில் இது உள்ளே போனது என்பது அந்த ஆலையின் புகழ்பெற்ற கதை. ஒருமுறை முகர்ந்தவருக்கு அதை நம்பச் சிரமம் இருக்காது. பிடிக்காவிட்டால் வற்புறுத்திக் குடிக்க வேண்டாம். புகை பிடிக்காதவருக்கு விஸ்கி தெரியாது என்று யாராவது சொன்னால் அது வெறும் பேச்சு. ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்: புகை விஸ்கி எப்போதும் கடைசியில். அதைக் குடித்த நாக்கு அன்றைக்கு வேறு மெல்லிய எதையும் உணராது.

நான்காவது ஜோடி: வெயில்

ஒரே வயதுள்ள இரண்டு பீப்பாய்களை ஒன்று ஸ்காட்லாந்திலும் ஒன்று பெங்களூரிலும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை அம்ருத் என்ற பெங்களூர் விஸ்கி. பீப்பாயின் மரத்துளைகள் வழியாக விஸ்கி மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம். பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல். வெப்பத்தில் விஸ்கி மரத்துக்குள் வேகமாகப் போய் வருவதால் அங்கே பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஏறுவது இங்கே நாலைந்து ஆண்டில் ஏறிவிடுகிறது. அதற்கு மேல் வைத்தால் பீப்பாயில் மிஞ்சுவதே குறைவு. அதனால் இந்திய மால்ட்டில் வயது எண்ணைத் தேடாதீர்கள், ஸ்காட்சின் எண்ணோடு ஒப்பிடவும் செய்யாதீர்கள்.

1948இல் தொடங்கிய அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004இல் முதலில் விற்பனைக்கு வைத்த ஊர் பெங்களூர் அல்ல, கிளாஸ்கோ. ஸ்காட்ச்காரர்களின் வீட்டு வாசலிலேயே. இந்தியப் பார்லியையும் ஸ்காட்லாந்தின் புகையேற்றிய பார்லியையும் சேர்த்து 50 சதவீதத்தில் வரும் அம்ருத் ஃபியூஷனை, விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் 'விஸ்கி பைபிள்' நூலின் 2010 பதிப்பில் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாகக் குறித்தார். அதன் பிறகுதான் இந்திய மால்ட்டை உலகம் திரும்பிப் பார்த்தது. நம் பக்கத்து ஊரில் நடந்த இந்தச் சாதனையை நம்மில் பலர் இன்னும் அறியாமலிருப்பது எனக்கு வருத்தம்.

46 சதவீதத்தில் வரும் அம்ருத்தின் சாதாரண சிங்கிள் மால்ட்டையோ கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸையோ கிளென்மோரஞ்சியோடு வையுங்கள். இந்தியக் கிளாஸில் பழத்தைவிட மசாலாவும் வெல்லப்பாகும் மரமும் தூக்கலாக இருக்கும். அரியானாவின் இந்த்ரி டிரினி ஊறியது பூர்பன், பிரெஞ்சு ஒயின், ஷெர்ரி என்று மூன்று வகைப் பீப்பாய்களில். முதல் ஜோடியைச் செய்து முடித்தவருக்கு அது நல்ல பரீட்சை.

ஜப்பானையும் விட்டுவிட முடியாது. 1918இல் ஸ்காட்லாந்துக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிய மசடாகா டாகெட்சுரு, 1923இல் ஷின்ஜிரோ டோரி கட்டத் தொடங்கிய யமசாக்கி ஆலையில் முதல் விஸ்கியை வடித்தார். பிறகு பிரிந்துபோய் 1934இல் யோய்ச்சியில் தனி ஆலை தொடங்கினார். அதுதான் இன்றைய நிக்கா. நல்ல பாட்டில்களின் விலை இப்போது எட்டாத உயரத்தில் இருக்கிறது. பழகுகிறவர் அதற்குப் பணம் கொட்ட வேண்டாம். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஹைபால். உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், ஒரு பங்கு விஸ்கி, மூன்று அல்லது நான்கு பங்கு நன்றாகக் குளிர்ந்த சோடா, ஒரே ஒரு கலக்கு. நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

வாங்குவதும் வைப்பதும்

750 மில்லி பாட்டிலில் 25 ஸ்மால் இருக்கிறது. தனியாக நான்கு பாட்டில் வாங்குவதைவிட நான்கு பேர் ஆளுக்கு ஒன்று வாங்கி, ஒரே மேசையில் வைப்பதுதான் சரியான வழி. 50 மில்லி மினியேச்சர் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு பாட்டிலை இருவர் ருசி பார்க்கப் போதும். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். சொந்தக்காரரிடம் சொல்லிவிடும்போது பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி அழகாக இருந்த ஏதோ ஒன்று வரும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக அளவுக் கட்டுப்பாடு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

மிலிட்டரி சரக்கு, டூட்டி ஃப்ரீ சரக்கு என்று தெரிந்தவர் மூலம் பாதி விலைக்கு வருவதைத் தொடவே தொடாதீர்கள். உண்மையான காலிப் பாட்டிலில் போலியை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் உங்கள் பாட்டில் காலியானதும் லேபிளைக் கிழித்துவிட்டே பழைய பேப்பர்க்காரரிடம் போடுங்கள்.

வீட்டில் பாட்டிலை நிற்கவைத்தே வையுங்கள். ஒயினைப் போலப் படுக்கவைத்தால் இவ்வளவு ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத, சூடில்லாத அலமாரி வேண்டும். ஃபிரிட்ஜுக்கு மேல்தட்டு மிக மோசமான இடம். பாதிக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் காற்று சேர்ந்து சில மாதங்களில் மணம் மங்கும். கால்வாசி மட்டும் மிஞ்சியதும் சின்னப் பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

இந்த நான்கு ஜோடிகளும் முடிந்தபின் ஒரு சோதனை. வீட்டில் யாரையாவது மூன்று கிளாஸ்களின் அடியில் எண் எழுதி ஒட்டி, உங்களுக்குத் தெரியாமல் ஊற்றிவைக்கச் சொல்லுங்கள். ஒன்று விலை அதிகமானது, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவானது. முகர்ந்து, ருசித்து, பிடித்த வரிசையை நோட்டில் எழுதிய பிறகு எண்ணைப் பாருங்கள். அடுத்த பாட்டிலை அந்த வரிசையை வைத்து வாங்குங்கள்.